சீட்டில் உட்கார்ந்த யூரியா

"என்னலே இது, டிரைவர் சீட்டுல யூரியா மூட்டை உக்காந்திருக்கு?"

இராமநாதபுரத்தில் முத்தழகின் கார் பட்டறைக்குள் நுழைந்ததும் இருளாண்டி கேட்ட முதல் கேள்வி இதுதான். மகன் தவசியின் சிவப்புப் பந்தயக் கார் நடுப் பட்டறையில் நின்றது. டிரைவர் சீட்டில், பெல்ட் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒரு யூரியா மூட்டை.

தவசி திருதிருவென்று விழித்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நாகலெட்சுமி, மாமனாரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

இருளாண்டிக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது. மிளகாய்க் காட்டைப் பார்க்க வேண்டிய பிள்ளை, பந்தயம் பந்தயம் என்று சென்னைக்கு ஓடினால் எந்தத் தகப்பனுக்குத்தான் பிடிக்கும்? போதாக்குறைக்குப் போன வருஷம் வளைவில் வண்டி சாய்ந்து, தடத்தை விட்டு இறங்கி, கடைசி ஆளாக வந்து சேர்ந்தான் தவசி. ஊரே சிரித்தது. இந்த வருஷமும் தோற்றால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று இருளாண்டி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இந்தத் தடவை வண்டி சாயக்கூடாது என்றுதான் தவசியின் கீழக்கரை நண்பன் ஹமீது சுல்தான் துபாயிலிருந்து காயில் ஓவர் செட் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த சாமான். வெளியே மரை போட்டிருக்கும். அதிலுள்ள வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். பழையதைக் கழற்றி நாலு சக்கரத்துக்கும் புதியதை மாட்டியாகிவிட்டது. இப்போது உயரம் வைக்கும் வேலை.

"நம்ம ஊரு ரோட்டுக்கு வண்டிய உசத்தத்தான் எல்லாரும் பாப்பாக. நீங்க பள்ளம் தேடிப் போற மாதிரி தாழ்த்துறீங்களே" என்றார் இருளாண்டி.

தாழ இருந்தால்தான் வளைவில் சாயாது என்று முத்தழகு விளக்கினான். ஓட்டுகிற ஆள் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் அமுங்கும். அதனால் ஆளின் எடையை சீட்டில் வைத்துவிட்டுத்தான் நாலு வளையத்தையும் திருக வேண்டும். எடை தப்பினால் எல்லாம் தப்பு.

"அதுக்கு எதுக்கு மூட்டை? அவன்தான் இங்கன நிக்கிறானே."

"சாயங்காலம் வரைக்கும் அசையாம உக்காரணும்ல அய்யா" என்றான் தவசி.

இருளாண்டி மூட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு மகனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தவசியின் சட்டைப் பொத்தான்கள் வயிற்றுப் பக்கம் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தன.

"யூரியா மூட்டை நாப்பத்தஞ்சு கிலோ. நீ நாப்பத்தஞ்சு கிலோவாலே?"

முத்தழகின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது. தவசி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். நாகலெட்சுமிதான் வாயைத் திறந்தாள்.

"பந்தயத்துக்குள்ள இளைச்சிருவாக மாமா. மெலிசா இருந்தாத்தான் வண்டி பறக்குமாம்."

"அப்படியா?" இருளாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். "நல்லது தாயி. அப்ப நானே பாத்துக்கிறேன்."

அன்று தொடங்கியது தவசியின் பட்டினிக் காலம். மூன்று வேளையும் கேப்பைக் கஞ்சி. சாப்பிடும்போது எதிரில் நாற்காலி போட்டு இருளாண்டி உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கக் கறிக்குழம்பு மணக்க, தவசிக்கு மட்டும் கஞ்சியும் ஒரு பச்சை வெங்காயமும். சனிக்கிழமைகளில் அரிசி மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தும் பார்த்தார். தவசி அழாத குறை.

இடையில் வண்டியை ஓட்டிப் பார்த்து, மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பின்பக்கம் தூக்கிப் போடுகிறதா என்று முத்தழகு கேட்டான். தவசி மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேசா" என்றான். பசியில் அவனுக்கு எல்லாவற்றுக்கும் மனைவியின் துணை வேண்டியிருந்தது போலும். முத்தழகு பின் வளையங்களை இன்னும் கொஞ்சம் திருகினான்.

பந்தயத்துக்கு முதல் நாளே தவசியும் நாகலெட்சுமியும் வண்டியோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். ஹமீது சுல்தானுடன் ரயிலேறி மறுநாள் போய்ச் சேர்ந்தார் இருளாண்டி. வழியில் ஓர் ஓட்டலில் ஏதோ பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என்ன அது என்று கேட்ட ஹமீது சுல்தானுக்கு ஒரு முறைப்புதான் கிடைத்தது.

கொடி அசைந்தது. சிவப்புக் கார் நடுவில்தான் கிளம்பியது. முதல் வளைவில் மற்ற வண்டிகள் எல்லாம் சாய்ந்து தயங்க, சிவப்புக் கார் தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போனது. சுற்றுக்குச் சுற்று ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் விழுந்தது. போன வருஷம் தடம் மாறிய அதே வளைவு வந்தபோது இருளாண்டி துண்டை வாயில் கவ்விக்கொண்டார். கார் அசையவில்லை. முன்னால் போன கடைசி வண்டியையும் அங்கேயே முந்தியது. முதலாவதாக வந்து கோட்டைத் தாண்டியபோது, அவர் நாற்காலி மேல் ஏறித் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவும் இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஓடிவந்து அவர் காலில் விழுந்தான் தவசி. இதில் கூட்டாளியான ஹமீது சுல்தான் தலையைக் குனிந்துகொண்டான். அங்கே தடத்தில், காரிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றியபடி இறங்கினாள் நாகலெட்சுமி.

"மன்னிச்சிருங்கய்யா. என்னையவிட அவதான் நல்லா ஓட்டுவா. சொன்னா விடமாட்டீகன்னுதான்..."

"மூட்டையப் பாத்த அன்னைக்கே தெரியும்லே, நாப்பத்தஞ்சு கிலோவுக்கு நம்ம வீட்டுல எம் மருமகள விட்டா வேற யாரு இருக்கா?" இருளாண்டி மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து மகனிடம் நீட்டினார். "கஞ்சி, அப்பன்கிட்டப் பொய் சொன்னதுக்கு. இந்தா, பிரியாணி தின்னு."