பாதி நீலம்

மினசோட்டாவின் ஜூன் மாத வெயில் மேப்பிள் மரத்தடியில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. அங்கே அப்பாவின் உயிரான ஹோஸ்டா செடி, இடுப்புயரத்துக்கு, முறம் முறமாக நீலப்பச்சை இலைகளை விரித்து நிற்கிறது. அதன் முன்னால் கையில் ஈரத்துணியோடு பதினைந்து வயது கிர்ஸ்டன் நிற்கிறாள். தோட்டக் கிளப்காரர்கள் வரும் நாளில் சாலைப் புழுதி படிந்திருக்கிறதே என்று ஓர் இலையில் பாதியைத் துடைத்தாள். புழுதியோடு நீலமும் போய்விட்டது. அந்த நீலமே இலைமேல் பூத்த மெழுகுமாவுதான் என்று யார் சொன்னார்கள் அவளுக்கு? நடுநரம்புக்கு இந்தப் பக்கம் பளபளவென்று பச்சை, அந்தப் பக்கம் நீலம். காபிக் கோப்பையோடு அப்பா வெர்லின் வருகிறார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. துணி அவள் முதுகுக்குப் பின்னால் போகிறது. "தொடாதடி! தானா நிறம் பிரிஞ்சிருக்கு! புது ரகம்டி, உன் பேரையே வெச்சிடறேன்!" அதற்குள் கிளப் நண்பனுக்குப் போன் போட்டுவிட்டார். "டேய் ஹார்லன், உன் செடியையெல்லாம் புடுங்கி எறிஞ்சிட்டு எல்லாரையும் இப்பவே கூட்டிட்டு வா!" துணி சொட்டி அவள் குதிகால் நனைகிறது. "அப்பா..." என்று துணியை வெளியே எடுக்கிறாள். அடுத்த இலையில் பாதியை மெல்லத் துடைத்துக் காட்டுகிறாள். அப்பா கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார். சாலையிலிருந்து கிளப்காரர்களின் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்புகின்றன. "இன்னும் எத்தனை இலைடி இருக்கு, பாதி துடைக்க?" என்று கிசுகிசுக்கிறார், கைக்குட்டையைக் காபியில் நனைத்துக்கொண்டே.