முப்பத்தோரு நிமிடம்

முப்பத்தோரு நிமிடம் முடிந்து பன்னிரண்டு விநாடி ஆயிற்று. அவர் இன்னும் வந்து சேரவில்லை.

ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே நின்றவனுக்கு வயிறு குளிர்ந்தது. இந்த வேலையை அவனே கேட்டு வாங்கியிருந்தான். வெயிலில் நிற்க வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

மைதானத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒருவர். சுபேதார் அருளப்பன். முதுகில் பை, தோளில் துப்பாக்கி.

மற்றவர்கள் ஓடி முடித்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஐந்து கிலோமீட்டர். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முப்பத்தோரு நிமிடம். அதற்குள் வந்தால் பாஸ். ஒரு விநாடி கூடினாலும் ஃபெயில்.

பாஸ் ஆனவர்கள் அடுத்த வாரம் பனிமலை உச்சியிலிருக்கும் காவல் முகாமுக்கு ஏறுவார்கள். ஃபெயில் ஆனவர்கள் கீழேயே இருந்து சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்வார்கள். கேவலம்தான். ஆனால் எட்டு மாதத்தில் பென்ஷன் வாங்கப்போகிறவரைக் கேவலம் என்ன செய்துவிடும்?

தை மாதம் சுபேதாரின் மகளுக்குக் கல்யாணம். போன வாரம்கூட வாலிபாலில் எம்பி எம்பி அடித்த மனிதர், இன்று கால்களைத் தேய்த்துக்கொண்டு வருகிறார்.

நடிப்பு. நல்ல நடிப்பு.

அவன் கூட்டாளி பேச்சிமுத்துவுக்கு நடிக்கத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பேச்சிமுத்துவும் இதே கோட்டுக்குத்தான் ஓடி வந்தான். இருபத்தாறு வயது. அவனுக்கு இருபத்தெட்டு நிமிடம். வந்து சேர்ந்தபோது முப்பது தாண்டியிருந்தது. ஒரு வாரமாக இருமல். முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான்.

அன்று வாட்ச் அருளப்பன் கையில் இருந்தது. மேலே போகப் பன்னிரண்டு பேர் வேண்டும். தேறியவர்கள் பதினொரு பேர்.

"முடியல சாப்," என்றான் பேச்சிமுத்து.

"மலை ஏறுனா எல்லாம் சரியாப் போயிரும்ல," என்றார் சுபேதார். இருவரும் ஒரே ஊர்ப்பக்கம். அந்த உரிமையில் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இருபத்தேழு நிமிடம் நாற்பது விநாடி என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள், மேலே, பேச்சிமுத்துவின் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பனிக்காற்று. இரண்டு நாள் ஹெலிகாப்டர் வரவில்லை. கூடாரத்துக்குள் அவனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான் இப்போது வாட்ச்சோடு நிற்கிறான்.

மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் வந்தது. அதற்குள் அவசரமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

பெட்டியோடு அவன் ஊருக்குப் போனபோது பேச்சிமுத்துவின் மனைவி அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாஸ் ஆனவருக்கு எப்படிண்ணே மூச்சு நின்னுச்சு?"

அவன் திரும்பி வந்து புகார் எழுதிக் கொடுத்தான். ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார்கள். பாஸ் என்று இருந்தது. எழுதியது எழுதியதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தக் கூடாரத்தில் அருளப்பனைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அந்தக் காற்றை அவர் காதால் கேட்க வேண்டும்.

முப்பத்திரண்டு நிமிடம், ஐந்து விநாடி.

சுபேதார் கோட்டைத் தாண்டி, துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு நின்றார். வாட்ச்சை அவர் கேட்கவில்லை. நேரம் தாண்டியது அவருக்கே தெரியும்.

அவன் நிதானமாக எழுதினான். முப்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. பாஸ்.

பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு அழகாக அவன் எழுதியதில்லை.

"முப்பது அம்பத்திரெண்டு! சுபேதார் சாப் பாஸ்!"

மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேஜருக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். மேஜர் எழுந்து வந்தார். இந்த வயதில் இப்படி ஓடுகிறாரே என்று இந்தியில் பாராட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்த இளவட்டங்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

சுபேதார் ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்தார். பிறகு கைதட்டியவர்களைப் பார்த்தார்.

இத்தனை பேர் முன்னால் நான் ஃபெயில் என்று எந்த சுபேதார் சொல்வார்? திண்டாடட்டும். நன்றாகத் திண்டாடட்டும். அந்த முகத்தை அவன் ஆசை தீரப் பார்த்தான்.

மேஜர் கையெழுத்துப் போடச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

அந்த இடைவெளியில் சுபேதார் அவன் பக்கத்தில் வந்தார். தமிழில், தணிந்த குரலில் பேசினார்.

"எய்யா, நான் வேணும்னு மெதுவா ஓடலய்யா. நாலு நாளா நெஞ்சை அடைக்குது. மலைக்குப் பயந்து நடிக்கேன்னு சொல்லிருவாங்கன்னுதான் டாக்டர்ட்ட போகல. அதை மாத்தி எழுதிரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வெளிறிய நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. உதட்டோரத்தில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அந்த நீலத்தை அவன் இரண்டு நாள் மடியில் வைத்துப் பார்த்தவன். அதை யாராலும் நடித்துக் காட்ட முடியாது.

அவர் சொன்னது முழுவதையும் அவன் நம்பினான்.

அடித்துவிட்டுத் திருத்தி எழுத ஒரு விநாடி போதும். பேனா இன்னும் அவன் விரலிடுக்கில்தான் இருந்தது.

மேஜர் தன் பேனாவைத் திறந்துகொண்டு கையை நீட்டினார்.

அவன் ரெஜிஸ்டரைக் கொடுத்தான்.