ஒன்பது பேருக்கு ஒரே ஆஸ்துமா

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மருத்துவக் குறியீட்டு நிறுவனம் ஒன்றின் மூன்றாம் தளத்தில், தகுதிகாண் பருவத்தின் கடைசி வாரத்தில் இருந்த ஊழியன் ஒருவன் மீது விசாரணை தொடங்கியது. நோயாளிகளின் கோப்புகளைப் படித்து, மருத்துவர் எழுதியுள்ள ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை இடுவது அவனுடைய வேலை. கோப்புகளைப் படிக்காமலே இட்டுவிட்டான் என்பது குற்றச்சாட்டு.

குற்றம் சாட்டியவர் தணிக்கை அதிகாரி. எந்த வாக்கியத்தையும் நடுவில் நிறுத்தி, எதிரில் இருப்பவரை முறைத்துவிட்டு, அதன் பிறகே முடிப்பார். ஆகவே முதுகுக்குப் பின்னால் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். ஊழியன் முதல் நாள் கஞ்சி போட்ட சட்டையும் வாசனைத் திரவியமுமாக வந்ததால், அவன் பெயர் மாப்பிள்ளை.

"ஆஸ்துமா சார்ட் ஒன்பது. ஒன்பதுக்கும்..." அரைப்புள்ளி நிறுத்தி முறைத்தார். "ஒரே கோடு நம்பர். மிதமானது, விடாம இருக்கறது, இப்போ கூடியிருக்கறது. ஒரு டீ குடிக்கிற நேரத்துல அத்தனையும் முடிச்சிருக்கே. ஒண்ணைப் போட்டுட்டு மத்ததுல ஒட்டிட்டியா?"

"லேசானது, மிதமானது, கடுமையானதுன்னு டாக்டர் எதை எழுதறாரோ அதைத்தானே மேடம் நான் போடணும்? ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் கொடுக்க அது என்ன பூர்வீகச் சொத்தா?"

"வேலை போற நேரத்துல வக்கணை வேண்டாம் மாப்பிள்ளை," என்றார் மேலாளர். மதிய உணவுக்குள் இதை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய கவலை.

"இளைப்புக்குக்கூட..." மீண்டும் ஒரு முறைப்பு. "ஒரு சார்ட்டுலயும் தனி கோடு இல்லை."

"ஆஸ்துமாவுலயே இளைப்பு அடக்கம் மேடம். தனியா போட்டிருந்தா அதுக்கும் நீங்கதான் திட்டியிருப்பீங்க."

அது உண்மை என்பதால் அரைப்புள்ளி கையிலிருந்த குற்றப்பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டார்.

"நீங்க அந்த ஒன்பதையும் படிச்சுப் பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"கம்ப்யூட்டரே சந்தேகம்னு காட்டுது. நான் வேற படிக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு படிங்க. எதை வேணும்னாலும் எடுங்க. நான் போட்டது தப்புன்னா, நீங்க சொல்ல வேண்டாம், நானே பையை எடுத்துட்டுக் கிளம்பிடறேன்."

மேலாளர் மடிக்கணினியைத் தணிக்கை அதிகாரியின் பக்கம் திருப்பினார். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்து மருத்துவமனை உட்பட, பல இடங்களின் கோப்புகள் அங்கே வரும். பெயரை அழித்த பிறகே வரும். இந்த நோயாளி இன்னார்தான் என்று கண்டுபிடித்து வாயைத் திறந்தவருக்கு அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அதில் பதவி பார்ப்பதில்லை.

அரைப்புள்ளி ஐந்தாவது கோப்பைத் திறந்து உரக்கப் படித்தார். "பெண், வயது ஐம்பத்திரண்டு. மிதமான, விடாத ஆஸ்துமா, தற்போது கூடியுள்ளது. பணியிடம், ஜன்னல் திறக்காத குளிரூட்டிய அறை, பழைய தரைக்கம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொல்லை இல்லை. பேச்சின் நடுவே மூச்சு வாங்குகிறது. இன்ஹேலரை..."

நிறுத்தினார். இம்முறை யாரையும் முறைக்கவில்லை.

"இன்ஹேலரை?" என்றார் மேலாளர்.

"எழுத்து சரியா புரியலை."

திரையில் தெளிவாக அச்சாகியிருந்த எழுத்து அது. 'தமக்குக் கீழே வேலை செய்பவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று, கழிப்பறைக்குச் சென்று உபயோகிக்கிறார்' என்று இருந்தது. அரைப்புள்ளியின் இடக்கை, மேசைமேல் இருந்த தம்முடைய கைப்பையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டது.

மற்ற எட்டையும் அவர் வாய்க்குள்ளேயே படித்தார். எட்டிலும் அதே கம்பளம், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே ஆஸ்துமா. தோளுக்குமேல் எட்டிப் பார்த்த மேலாளர் ஏழாவது கோப்பில் நின்றுவிட்டார். 'ஆண், வயது நாற்பத்தெட்டு. கம்பளத்தைத் தேர்ந்தெடுத்தவர் தாமே என்று வருத்தத்துடன் தெரிவிக்கிறார்.' மேலாளருக்குத் திடீரென்று தண்ணீர் தேவைப்பட்டது.

இருவரும் காலடியில் கிடந்த பழைய கம்பளத்தைப் பார்த்தார்கள். பிறகு, ஒருவரையொருவர் பார்ப்பதைக் கவனமாகத் தவிர்த்தார்கள்.

"கோடு எல்லாம்..." என்று அரைப்புள்ளி மூச்சை இழுத்துக்கொண்டார். "சரியாத்தான் இருக்கு."

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்," என்றார் மேலாளர்.

இறுதியாக எடுக்கப்பட்ட முடிவு பின்வருமாறு. குற்றச்சாட்டு ஆதாரமற்றது எனக் கைவிடப்பட்டு, ஊழியன் அன்றைய தேதியிலிருந்து நிரந்தரமாக்கப்பட்டான். தனிப்பட்ட முறையில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: மூன்றாம் தளத்துக் கம்பளம், சுவர்களின் நிறத்துக்குப் பொருந்தாத காரணத்தால், சனிக்கிழமைக்குள் அகற்றப்பட வேண்டும்.

சாப்பாட்டு அறையில், பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் அக்கா அவன் தட்டில் ஒரு ஜிலேபியை வைத்தாள். "அவங்ககிட்டயே போய், எதை வேணும்னாலும் எடுங்கன்னு சொன்னியாமே. ஒன்பது சார்ட்டும் அப்படியே மனப்பாடமாடா உனக்கு?"

மாப்பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"மொத சார்ட்டை மட்டுந்தான்க்கா படிச்சேன்."