நூற்று நாற்பத்திரண்டு

ஊரடங்கில் மருத்துவச்சிப் பயிற்சி மாணவிகளைப் பிரசவ வார்டுக்குள் விடவில்லை. அதனால் எட்டு மாதக் கர்ப்பிணியான எங்கள் குளோரி மேடம், ஒவ்வொரு செவ்வாயும் தன் வயிற்றிலேயே டாப்ளர் கருவியை வைத்து, குழந்தையின் இதயத்துடிப்பைப் போனில் வீடியோ வழியாகக் கேட்கவைப்பார். இருபத்தொரு பேரும் ஒரு நிமிடம் எண்ணி, எண்ணை அனுப்ப வேண்டும். “எண்பது, தொண்ணூறுன்னு வந்தா அது அம்மாவோட துடிப்பு. கருவிய நகர்த்தி நகர்த்திக் குழந்தையத் தேடணும்” என்பார்.

அந்தச் செவ்வாய் எங்கள் வீட்டில் சிக்னல் போய்விட்டது. எனக்கு எதுவுமே கேட்கவில்லை. அப்படி ஆகும்போதெல்லாம் செய்வதுபோல, போன வாரத்து எண்ணையே அடித்து அனுப்பினேன்: 142.

இணைப்பு திரும்பியபோது மற்றவர்களின் எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. 84. 86. 84. 84. திரையில் மேடத்தின் வயிறும் கையும் மட்டும் தெரிந்தன. ஜெல்லை மறுபடி மறுபடி தடவி, கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு கை நின்றது.

“செவ்வந்தி, உனக்கு மட்டும் கேட்டிருக்கு” என்றார். “நான் எந்த எடத்துல வச்சப்பக் கேட்டுச்சும்மா? சொல்லு, அங்கயே வைக்கிறேன்.”