மூன்று நாளாக ஒரே கேள்வி

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியத்துக்கு ஒரு பெருமை உண்டு. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் யார் முழுகாமல் இருந்தாலும் மருத்துவிச்சிக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது அந்தக் கண் சொந்த மகள் மீதே விழுந்திருந்தது.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் நிரோஜினி லீவில் வந்து மூன்று நாளாகிறது. சோறு வேண்டாம் என்கிறாள். ஓயாமல் எச்சில் துப்புகிறாள். ஏதாவது கேட்டால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறாள்.

“யாருடி அவன்?”

நிரோஜினி வாய்க்குள்ளேயே என்னமோ சொன்னாள்.

“மென்னு முழுங்காத. அப்பா வர்றதுக்குள்ள சொல்லிரு.”

மகள் அழுதாள். பாக்கியத்துக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பஸ் ஏற்றி, கினிகத்தேனையில் தெரியாத டொக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனாள்.

“எத்தனை மாசம்னு பாத்துச் சொல்லுங்க, ஐயா.”

டொக்டர் நிரோஜினியின் வாய்க்குள் டோர்ச் அடித்தார். வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை.

“மாசமெல்லாம் இல்லம்மா. டொன்சிலுக்குப் பக்கத்துல சீழ் கட்டியிருக்கு. எச்சில்கூட முழுங்க முடியாது, பேச்சும் சரியா வராது. இன்னும் விட்டா மூச்சை அடைச்சிரும். உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.”

பாக்கியத்துக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. பயம் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் சீழை எடுத்தார்கள். மறுநாள் காலை பாக்கியம் கஞ்சியை நீட்டியபோது மகளுக்குக் குரல் திரும்பியிருந்தது.

“மூணு நாளா யாரு யாருன்னு கேட்டியேம்மா. எங்க வலிக்குதுன்னு ஒருக்கா கேட்டியா?”