அமாவாசையில் ஓர் இறைச்சி இலை

வருஷமெல்லாம் இறைச்சியை ஏறெடுத்தும் பார்க்காத என் புருஷனுக்கு, அமாவாசை அன்று பார்த்து இறைச்சி இலை போடச் சொன்னாள் அத்தை.

நான் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த வருஷம் தீபாவளியும் அமாவாசையும் ஒரே நாளில் வந்து எங்கள் உயிரை வாங்கின. தகப்பன் இல்லாத ஆண்களுக்கு அமாவாசை விரதம், அவர்களுக்கு மரக்கறி. தகப்பன் உள்ளவர்களுக்குத் தீபாவளி, அவர்களுக்கு ஆட்டிறைச்சி. உள் அடுப்பில் சாம்பார், கொல்லை அடுப்பில் குழம்பு. கரண்டி மாறினால் தொலைந்தேன். கல்யாணமாகி நாவலப்பிட்டிக்கு வந்த இரண்டு மாதத்தில் என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் விருந்து அது.

காலை ரயிலில் கம்பளையிலிருந்து வந்திருந்தார் அத்தையின் அண்ணன் கறுப்பையா. அவருக்குத் தகப்பன் இல்லை. மரக்கறி.

கூட வந்த அவருடைய பையன்கள் இருவருக்கும் தகப்பன் இதோ, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். இறைச்சி.

என் புருஷனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மாமா, அதாவது அவருடைய தகப்பனார், தேயிலை விலை விழுந்த வருஷம் இந்தியாவில் இருக்கும் சொந்த ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் அழைத்துவரப் போன இவரும் தனியாகத்தான் வந்தார். காணி வழக்கு முடிந்ததும் வருவதாக மாமா சொல்லியனுப்பினாராம். அவர் வந்து சேரும்வரை இறைச்சி தொடுவதில்லை என்று கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார் இவர்.

ஆகவே கறுப்பையாவின் பக்கத்தில் இவருக்கு இலை போட்டேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"அமாவாசையும் அதுவுமா, அப்பன் இல்லாதவுங்க வரிசையில எம் மகன உக்கார வைக்கிறியா? அவரு ஊருல உசிரோட இருக்காரு. எடுத்து அந்தப் பக்கம் போடு!"

கறுப்பையா தொண்டையைச் செருமினார்.

என் வாய் சும்மா இருக்குமா? "நேர்த்தி இருக்கே அத்தை" என்றேன்.

"ஒருநாளைக்கு முருகன் பொறுத்துக்குவான்."

இலையை மாற்றிப் போட்டேன். இவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல். சண்டை பிடிப்பாரா, கோபித்துக்கொண்டு ரயில் ஷெட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாரா? செம்பில் மீன் வாடை வந்தால் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர்.

நேரே போய்ப் பையன்களின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அத்தையே பரிமாறினாள். பெரிய துண்டுகளாகப் பார்த்து வைத்தாள். அவர் பிசைந்தார். வாயில் வைத்தார். அவர் விழுங்கும்வரை அத்தை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

விழுங்கியதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு பாயசம் எடுக்க உள்ளே போனாள்.

இவர் இலையை மூடிவிட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தார். கைகழுவத் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் நானும் செம்போடு ஓடினேன். கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். தின்ற அத்தனையும் வெளியே வந்தது.

பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் சாப்பிட்டீங்க? நேர்த்தி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

வாயைக் கொப்பளித்தார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேர்த்தி எல்லாம் ஒண்ணுமில்ல. அப்பாவுக்கு ஊருல நாந்தான் கொள்ளி வச்சேன். அம்மாகிட்டச் சொல்ல வாய் வரல."

நான்கு வருஷமாக ஒருநாள் விடாமல் தகப்பனுக்கு விரதம் இருந்தவரை, இருக்கவேண்டிய நாளில் இறைச்சி இலைக்கு மாற்றியது என் கைதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சுப்பம்மா!" உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டாள். "அவனுக்குக் கறி பிடிச்சிச்சாமா?"

இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ரொம்பப் பிடிச்சிச்சாம் அத்தை" என்றேன், உரக்க. "மாமா வர்ற அன்னிக்கும் இதே மாதிரி வைக்கணுமாம்."