நீச்சத்தண்ணி

பேண்டேஜ் கம்பெனியின் தகரக் கொட்டகைக்கு வெளியே கண் கூசும் மதிய வெயில். வளாகமெங்கும் மண் வெடித்துக் கிடக்கிறது. சுவரோரத்தில் மட்டும் கோடு போட்டதுபோலப் புல் பச்சையாக நிற்கிறது. தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்க, மாரிக்கனி அந்தப் புல்லருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிறாள். இரவெல்லாம் ஊறிப் புளித்த கம்மஞ்சோற்றின் வாசனை எழுகிறது. மூடியைச் சாய்த்துப் பிடித்து, மேலே தெளிந்து நிற்கும் நீச்சத்தண்ணி முழுவதையும் புல்லில் வடிக்கிறாள். பிறகு சோற்றை அள்ளி, ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளங்கையில் வைத்துப் பிழிகிறாள். விரலிடுக்கில் சாம்பல் நிறமாகச் சொட்டுகிறது. “ஏட்டி, வயிறு கல்லாட்டம் கெடக்குன்னு நேத்து அழுத. அந்தத் தண்ணியத்தான டாக்டரம்மா குடிக்கச் சொன்னாவ?” பக்கத்தில் இருக்கும் ரோசம்மாள் அதட்டுகிறாள். “குடிச்சா கக்கூஸ் போகணும்லாக்கா. காலையிலயே ஒருக்கா சாவி கேட்டாச்சு. இன்னொருக்கா போய் நின்னா, அந்த சூப்பர்வைசரு அம்புட்டுப் பேரு முன்னாடியும் எதுக்குன்னு கேப்பான்.” மாரிக்கனி இடது கையால் அடிவயிற்றை அமுக்கியபடி உலர்ந்த உருண்டையை மெல்லுகிறாள். அது தொண்டையில் இறங்குவது வெளியே தெரிகிறது. சூப்பர்வைசர் அறையின் ஜன்னல் வழியே அந்தச் சாவி தெரிகிறது; ஆணியில் தொங்கி, மின்விசிறிக் காற்றில் ஆடிச் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ரோசம்மாள் அதையே பார்க்கிறாள். அவள் மடியிலிருக்கும் டப்பாவில் பழைய சோறு; மேலே ஒரு சின்ன வெங்காயம் மிதக்கிறது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். பிறகு டப்பாவைப் புல் பக்கமாகச் சாய்க்கிறாள்.